இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரு பிறப்புப் பதிவும்



என்னிடம் வரலாறு படித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மூன்று தேதிகளைச் சொல்வீர்கள். 1954 அக்டோபர் 18, கீழூர் வாக்கெடுப்பு. 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். 1954 நவம்பர் 1, புதுச்சேரியும் நம் காரைக்காலும் மாகேயும் ஏனாமும் இந்திய நிர்வாகத்துக்கு வந்தன. 1962 ஆகஸ்ட் 16, சட்டப்படியான இணைப்பு. இந்த மூன்றையும் பலகையில் எழுதி அடிக்கோடு போடாமல் நான் அந்தப் பாடத்தை முடித்ததில்லை.

ஆனால் அந்த மூன்றாவது தேதிக்குப் பிறகு வந்த ஆறு மாதங்களைப் பற்றி முப்பது வருடங்களில் ஒரு வகுப்பிலும் நான் பேசியதில்லை. பாடப்புத்தகத்தில் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மைக் காரணம் எங்கள் வீட்டுக்குள் இருந்தது. எழுபத்தைந்து வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஒரு நாள் இரவு ஐரோப்பாவிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். என் பெரியப்பாவின் கொள்ளுப்பேரன். என்னைச் சின்னத் தாத்தா என்பான். அவன் தாத்தா, அதாவது பெரியப்பா மகன், எனக்கு ஒரு வயது மூத்த அண்ணன். காரைக்காலில் பிறந்து பிரான்சுக்குப் போனவர். அவன் அப்பா பிரான்சிலேயே பிறந்து, வேலைக்காக அமெரிக்கா போய், அங்கேயே ஓர் அமெரிக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர். பையன் பிறந்தது நியூஜெர்சியில். அமெரிக்க மண்ணில் பிறந்ததால் அமெரிக்கக் குடிமகன். அப்பா பிரெஞ்சுக் குடிமகன் என்பதால் பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடிமகனும்கூட. எதற்கும் அவன் விண்ணப்பித்து வாங்கவில்லை. இரண்டு பாஸ்போர்ட்டும் அவனுடைய தொட்டிலிலேயே வந்து விழுந்தவை.

அமெரிக்காவில் கல்லூரிக் கட்டணத்தைப் பார்த்து மலைத்துப்போய், 2021இல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பில் சேர்ந்தான். முடித்துவிட்டு இப்போது ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரத்தில் முதுநிலை படிக்கிறான்.

அவனுக்கு என்னிடம் ஒரு வேலை ஆகவேண்டியிருந்தது. ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க, அவன் தாத்தாவின் காரைக்கால் பிறப்புப் பதிவின் நகல் வேண்டும். "வாங்கி அனுப்புறேன்டா" என்றேன். போனை வைக்கும் முன், அவனுக்குத் தெரிந்த தமிழில் ஒன்று கேட்டான்.

"சின்னத் தாத்தா, எங்க தாத்தா பிரான்ஸ் போனாரு. நீங்க ஏன் போகல?"

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில்தான் நான் நடத்தாமல் விட்ட பாடம்.

இந்தியாவும் பிரான்சும் 1956 மே 28இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லாரும் அன்றே இந்தியர்களாகிவிட்டார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே தொடரட்டும் என்று விரும்பியவர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சும்மா இருந்தால் இந்தியர், எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரர். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்குத் தந்தை எதுவோ அதுவே. கெடு 1963 பிப்ரவரியில் முடிந்தது.

பெரியப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். நம் பக்கத்தில் 'சொல்தா' என்போமே, அப்படி ஒரு சொல்தா. இந்தோசீனாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஓய்வூதியம் பிரான்சிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் எழுதிக் கொடுத்தார். என் அப்பா அரிசி மில்லில் கணக்கெழுதியவர், விடுதலை ஊர்வலங்களில் கொடி பிடித்தவர். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே திண்ணையில் படுத்து வளர்ந்த அண்ணன் தம்பி, ஆறு மாத முடிவில் இரண்டு நாட்டுக்காரர்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. என்னை யாரும் கேட்கவில்லை. அண்ணனையும் கேட்கவில்லை.

அப்பா அதை அண்ணன் செய்த துரோகமாகவே எடுத்துக்கொண்டார். பெரியப்பாவுக்கோ, தம்பிக்குத் தன் கஷ்டம் புரியவில்லை என்ற வருத்தம். பேச்சு நின்றது. 1969இல் அண்ணன் படிக்க பிரான்சுக்குக் கப்பல் ஏறினார். குடிமகன் என்பதால் விசா வேண்டாம், அரசின் மாணவர் உதவித்தொகைக்கும் வழி உண்டு. 1971இல் நான் பி.ஏ. முடித்தேன். எனக்கும் மேலே படிக்க ஆசை. பெரியப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: "தம்பி மவன் வரட்டும், செலவு என்னுது." அப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். அதில் எனக்குக் குறையில்லை, அதனால்தான் நீங்கள் எல்லாம் எனக்குக் கிடைத்தீர்கள். ஆனாலும் மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டேதான் இருந்தது. அப்பா மீது கோபப்பட முடியாமல், எல்லாக் கோபத்தையும் பெரியப்பாவின் கையெழுத்து மீதே இறக்கி வைத்திருந்தேன். இணைப்புப் பாடம் நடத்தும்போது அந்த ஆறு மாதம் என் வாயில் வராமல் போனதற்குக் காரணம் இதுதான்.

ஊரில் இருந்தபடியே ஒருவர் நாட்டை மாற்றிக்கொள்ளும் விந்தை நமக்கு மட்டும் நேர்ந்தது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பேரன் படித்த ஸ்ட்ராஸ்பர்க் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெளிந்தது. அல்சாஸ் பகுதியின் தலைநகரான அந்த ஊர் 1871, 1918, 1940, 1944 என்று நான்கு முறை கைமாறியது. 1871இல் பிரான்சைத் தோற்கடித்து ஜெர்மனி அதை எடுத்துக்கொண்டபோது, ஃபிராங்க்ஃபர்ட் ஒப்பந்தத்தில் மக்களுக்கு ஒரு கெடு வைத்தார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர் 1872 அக்டோபர் 1க்குள் தெரிவிக்க வேண்டும், வீடு வாசலை விட்டு பிரான்சுக்குக் குடிபெயரவும் வேண்டும். லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். எத்தனை வீடுகளில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று ஆகியிருக்கும்! நம் பெரியப்பாவுக்காவது எழுதிக் கொடுத்துவிட்டு அதே திண்ணையில் படுக்க முடிந்தது.

அந்தக் காலத்து அரசுகளுக்கு இரண்டு குடியுரிமை என்பது பிடிக்காத விஷயம். போர் வந்தால் இவன் எந்தப் படையில் சேருவான் என்ற கேள்விதான் முதலில் எழும். 1930இல் ஹேக் நகரில் உருவான குடியுரிமை ஒப்பந்தம், ஒவ்வொருவருக்கும் ஒரு குடியுரிமை இருக்க வேண்டும், ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பதை இலட்சியமாகவே முகவுரையில் வைத்தது. அதற்குப் பின் ஐரோப்பியக் கவுன்சில் நாடுகள் சில, இரட்டைக் குடியுரிமையைக் குறைப்பதற்கென்றே தனி ஒப்பந்தம் செய்தன. ஓர் உறுப்பு நாட்டின் குடியுரிமையை விரும்பி வாங்கினால் பழைய நாட்டினுடையது போய்விடும் என்பது அதன் சாரம். கையெழுத்தான இடம் அதே ஸ்ட்ராஸ்பர்க். தேதி 1963 மே 6. நம் ஊரில் கெடு முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒன்றைப் பிடி, இன்னொன்றை விடு என்பதுதான் அன்று உலகம் முழுக்க வழக்கம். அப்பாவையும் பெரியப்பாவையும் பிரித்தது அந்தக் காலத்தின் வழக்கம் என்பது, இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு காலம் மாறியது. வேலைக்காக மக்கள் நாடு விட்டு நாடு போனார்கள், கலப்பு மணங்கள் பெருகின. முன்பெல்லாம் பல நாடுகளில் தந்தை வழியாகத்தான் குடியுரிமை வரும். தாய் வழியாகவும் வரும் என்று சட்டங்கள் திருந்தியபோது, பிறக்கும் குழந்தைக்கே இரண்டு நாடு அமைந்துவிட்டது. 1997 நவம்பர் 6இல், மறுபடியும் ஸ்ட்ராஸ்பர்கில், புதிய ஐரோப்பியக் குடியுரிமை ஒப்பந்தம் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. பிறப்பால் இரண்டு குடியுரிமை பெற்ற பிள்ளைகள் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்றது அது. 1963 ஒப்பந்தத்தின் அந்தப் பழைய விதியிலிருந்து பிரான்ஸ் 2009இல் விலகியது. வெகுகாலம் பிடிவாதமாக இருந்த ஜெர்மனியும் 2024 ஜூன் 27 முதல் இரட்டைக் குடியுரிமையைப் பொதுவாகவே அனுமதித்துவிட்டது.

இனி படிப்புக்கு வருகிறேன். ஐரோப்பாவில் படிக்க நினைக்கும் பிள்ளைகள் உள்ளவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

1980களில் பிரான்சைச் சேர்ந்த ஒரு மாணவி சித்திரக்கதை வரையும் கலை படிக்க பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்குப் போனார். உள்ளூர் மாணவர்களுக்கு இல்லாத ஒரு தனிக் கட்டணத்தை, 24,622 பெல்ஜிய பிராங்கை, வெளிநாட்டவர் என்று சொல்லி அவரிடம் கேட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். தொழிற்கல்விக்கு வரும் மற்ற உறுப்பு நாட்டு மாணவரிடம், சொந்த நாட்டு மாணவரிடம் கேட்காத கட்டணத்தைக் கேட்பது பாகுபாடு என்று 1985 பிப்ரவரி 13இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கிராவியே வழக்கு என்பார்கள். சித்திரக்கதை படிக்கப் போன ஒரு பெண் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் இன்று ஐரோப்பிய மாணவர்கள் நாடு விட்டு நாடு போகிறார்கள். 1987இல் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டம் வந்தது. முதல் வருடம் 11 நாடுகளிலிருந்து 3,244 பேர் போனார்கள்.

இரண்டு பாஸ்போர்ட் உள்ளவர் கதை 1992இல் வந்தது. அர்ஜென்டினா, இத்தாலி இரண்டின் குடியுரிமையும் கொண்ட மிச்செலெத்தி என்ற பல் மருத்துவர் ஸ்பெயினில் தொழில் நடத்த விரும்பினார். "நீங்கள் இதுவரை வாழ்ந்தது அர்ஜென்டினாவில். எங்கள் கணக்கில் நீங்கள் அர்ஜென்டினாக்காரர்தான்" என்றது ஸ்பெயின். ஒரு உறுப்பு நாடு ஒருவரைத் தன் குடிமகன் என்று சொன்னால், வேறொரு குடியுரிமையும் இருக்கிறது, அங்கேதான் வாழ்ந்தார் என்பதைக் காட்டி இன்னோர் உறுப்பு நாடு அதை ஒதுக்க முடியாது என்று ஜூலை 7இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் பேரன் பதினெட்டு வயது வரை நியூஜெர்சியில் வளர்ந்தவன். ஆனாலும் ஃபிரைபுர்கில் அவனைப் பார்த்து "நீ அமெரிக்கன்தானே" என்று ஒதுக்க முடியாமல் இருப்பதற்கு அந்தப் பல் மருத்துவரும் ஒரு காரணம்.

பணத்தில் இது எவ்வளவு? 2019 முதல் பிரெஞ்சு அரசுப் பல்கலைக்கழகங்களில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாக வரும் மாணவருக்கு இளநிலைக் கட்டணம் ஆண்டுக்கு 2,770 யூரோ என்று வைத்தார்கள். (எல்லாப் பல்கலைக்கழகங்களும் முழுசாக வாங்குவதில்லை.) பேரன் சேர்ந்தபோது பிரெஞ்சு, ஐரோப்பிய மாணவர்களுக்கு 170 யூரோ. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே கிடையாது. ஆனால் ஃபிரைபுர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. அமெரிக்க பாஸ்போர்ட் மட்டும் இருந்திருந்தால் இவனும் கட்டியிருக்க வேண்டும். தங்கும் அனுமதி அட்டை, விசா வரிசை எதுவும் இவனுக்கு இல்லை. ஒரே வகுப்பில் பக்கத்தில் உட்காரும் சென்னைப் பையன் இவையெல்லாம் முடித்துத்தான் வந்திருப்பான். அந்தப் பையனின் உழைப்பை நான் ஒருபடி மேலாகவே மதிக்கிறேன்.

பாஸ்போர்ட் இருந்தால் எல்லாம் ஆகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அயர்லாந்தில் சலுகைக் கட்டணத்துக்குக் குடியுரிமை போதாது. முந்தைய ஐந்து வருடத்தில் மூன்று வருடமாவது ஐரோப்பியப் பகுதியில் வாழ்ந்திருக்க வேண்டும். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, 2021 கல்வியாண்டு முதல் புதிதாக வரும் ஐரோப்பிய மாணவரையும் வெளிநாட்டவர் கட்டணத்தில் சேர்த்துவிட்டது.

இரண்டு நாடு என்றால் கடமையும் இரண்டு. அமெரிக்காவுக்குள் நுழையும்போதும் கிளம்பும்போதும் அமெரிக்க பாஸ்போர்ட்தான் வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஐரோப்பாவில் இறங்கும்போது பிரெஞ்சு பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். மாற்றிக் காட்டினால் 90 நாள் சுற்றுலாப் பயணியாகப் பதிவாகிவிடுவான். உலகத்தின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் அமெரிக்கக் குடிமகன் தன் நாட்டுக்கு வருமானக் கணக்குக் காட்டியாக வேண்டும். ஃபிரைபுர்கில் வங்கிக் கணக்குத் திறக்கப் போனபோது முதல் கேள்வியே "நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?" என்பதுதானாம். பதினெட்டு வயதில் அமெரிக்காவின் படைப் பதிவேட்டிலும் பெயர் கொடுத்தான், பிரான்ஸ் இளைஞர்களுக்கு வைத்திருக்கும் பாதுகாப்பு, குடிமை நாளுக்கும் போய்வந்தான். பிரான்சில் சிக்கல் வந்தால் அமெரிக்கத் தூதரகம் வந்து காப்பாற்றும் என்று இருந்துவிட முடியாது. ஒருவர் எந்த நாட்டின் குடிமகனோ அந்த நாட்டுக்கு எதிராக அவருடைய இன்னொரு நாடு பரிந்து பேச முடியாது என்பது 1930 ஹேக் ஒப்பந்தத்திலேயே உண்டு.

காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கை. "எங்க தாத்தா பிரெஞ்சுக்காரர், எனக்கும் கிடைக்கும்" என்று இப்போது ஆரம்பிப்பவர்கள் உண்டு. அரை நூற்றாண்டுக்கு மேல் குடும்பம் வெளிநாட்டில் வாழ்ந்து, தாமும் தாய் தந்தையும் பிரெஞ்சுக் குடிமக்களாக நடத்தப்பட்டதற்கு ஆதாரம் இல்லையென்றால், வம்சாவளியைக் காட்டி நிரூபிக்கவே பிரெஞ்சுச் சட்டம் இடம் தராது. யாராவது இதற்கென்று பணம் கேட்டால் கொடுத்து ஏமாறாதீர்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பேரனுக்காக நகராட்சிக்குப் போனேன். பிரெஞ்சுக் காலத்துப் பதிவேட்டை எடுத்துவந்து வைத்தார்கள். 1949ஆம் ஆண்டு, பிரெஞ்சு மொழியில், சாய்ந்த கையெழுத்தில் அண்ணனின் பிறப்பு. தந்தை பெயர், தாய் பெயர். பிறப்பைத் தெரிவித்தவர் யார் என்ற இடத்தில் என் அப்பாவின் பெயர்.

அப்போதுதான் நினைவு வந்தது. 1949இல் பெரியப்பா இந்தோசீனாவில். அண்ணி பிள்ளை பெற்றபோது, கொழுந்தனார்தான் ஓடிப்போய்ப் பதிந்துவிட்டு வந்திருக்கிறார். பிரெஞ்சுப் பதிவேட்டின் அடியில், தமிழில், அப்பாவின் கையெழுத்து. மில் கணக்கில் பார்த்துப் பழகிய அதே கையெழுத்து. எத்தனை வருடம் பெரியப்பா போட்ட கையெழுத்தை நினைத்து நான் பொருமியிருக்கிறேன்! அந்தப் பையனின் பாஸ்போர்ட்டுக்கு அடியில் என் அப்பாவின் கையெழுத்தும் அல்லவா இருக்கிறது. அங்கிருந்த ஊழியர் "சார், தண்ணி குடிங்க" என்றார். என் முகம் எப்படி இருந்ததோ.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றவர் இந்தியக் குடிமகனாக இருக்க முடியாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவு சொல்கிறது. ஓசிஐ அட்டை குடியுரிமை ஆகாது. அதைக் கொண்டு ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஆனால் அது யாருக்குக் கிடைக்கும் என்று சட்டத்தைப் புரட்டியபோது ஒரு வரி கண்ணில் பட்டது. 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவின் பகுதியான நிலப்பரப்பைச் சேர்ந்தவர்களின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று எழுதியிருக்கிறது. நம் ஊரைத்தான் சொல்கிறார்கள். பெரியப்பா ஒரு நாளும் இந்தியக் குடிமகனாக இருந்ததில்லை. என்றாலும் இந்த மண்ணைச் சேர்ந்தவர் என்பதை இந்தியச் சட்டமே ஒத்துக்கொள்கிறது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதைப் படித்துக் காட்டியிருப்பேன்.

இந்த ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்குப் பேரன் வந்திருந்தான். பவழக்கால் விமானம் வரும் தெருவில் கூட்டத்தோடு நின்று, மாடியிலிருந்து வீசிய மாம்பழத்தில் ஒன்றைப் பிடித்துவிட்டு அப்படியொரு கூச்சல் போட்டான். சாயங்காலம் பதிவேட்டு நகலைக் காட்டி, "நான் ஏன் போகல என்று கேட்டாயே" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ரெண்டு தாத்தாவும் அப்புறம் பேசினாங்களா?" என்றான். 1988இல் பெரியப்பா இறந்தபோது அப்பா முதல் ஆளாகப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தார், அதற்கு முன் பேசவில்லை என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

மாணவர்களே, உங்களுக்கு நான் விட்டுப்போன பாடத்தை நடத்திவிட்டேன். வீட்டுப்பாடமும் உண்டு. உங்கள் வீட்டில் 1962ஐப் பார்த்த பெரியவர்கள் இன்னும் ஒருவர் இருவர் இருப்பார்கள். எழுதிக் கொடுத்தார்களா, இல்லையா, ஏன் என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எழுதிக் கொடுத்தவரையும் சரி, கொடுக்காதவரையும் சரி, குறை சொல்லாமல் கேளுங்கள். பதிவில் பிழை இருந்தால் எப்போதும் போலச் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.